டெல்லியிலிருந்து ஊருக்கு ரயிலில்: பிள்ளைகள் கையில் போனுக்குப் பதில் புத்தகம் இருக்க என்னென்ன செய்யலாம்

பள்ளி லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெல்லியிலிருந்து முதல் தடவையாக ஊருக்கு ரயிலேறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கும்பகோணம் போனபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லியை விட்டுக் கிளம்பிய அரை மணி நேரத்தில் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டோம். இரவு சார்ஜில் போட்டோம், ஏறவே இல்லை. விடிந்து போபால் தாண்டியதும் மகள் கேட்டாள்; எட்டே சதவீதம் இருந்தது. டவுன்லோடு செய்து வைத்திருந்த கார்ட்டூன்களோ இன்டர்நெட் இருந்தால்தான் திறப்பேன் என்றன. இட்டார்சி தாண்டி மலைப் பகுதியில் சிக்னலும் போய்விட்டது. நாக்பூர் வரும்வரை இரண்டும் மாறி மாறி அழுதன. அவசரமாக வாங்கிய ஒன்பது புத்தகங்கள் எங்களிடம் இருந்தன. எல்லாம் பெரிய சூட்கேஸில், அடியில், பெர்த்துக்குக் கீழே.

அந்தப் பயணம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பிள்ளை புத்தகத்தை எடுப்பதும் போனை எடுப்பதும் ரயிலில் தீர்மானமாகிற விஷயம் இல்லை, அதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது. போன வருஷம் அப்படித் தயார் செய்துகொண்டு போனோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. டிக்கெட் போடும்போதே உட்காரும் இடத்தை யோசியுங்கள்

முன்பதிவு இப்போது பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. அந்தப் பழைய கணக்கை நம்பி வேறு வேலைகளை நிச்சயம் செய்துவிடாதீர்கள். டெல்லிப் பள்ளிகளுக்கு மே மாதம் லீவு விடுகிறது. அப்படியென்றால் நீங்கள் மார்ச் நடுவில், முழுப் பரீட்சை நடக்கிற நேரத்தில், காலை 8 மணிக்கு டிக்கெட்டுக்கு உட்கார வேண்டும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிள்ளைகள் டிக்கெட் விதி இது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டே தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பலர் இங்கே பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நான் சொல்வேன், இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூத்தவருக்காவது முழு டிக்கெட் எடுங்கள். முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் தனக்கென்று ஒரு இடம் இல்லாத பிள்ளை எதையும் படிக்காது. நெருக்கியடித்து மடியில் உட்கார்ந்தால் போன் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

முடிந்தால் சைடு லோயர், சைடு அப்பர் இரண்டையும் கேளுங்கள். பகலில் அந்த இரண்டு பெர்த்துக்கும் சேர்த்து ஜன்னலோரமாக எதிரெதிரே இரண்டு இருக்கைகள் கிடைக்கும். நடுவழியில் நடமாட்டம் இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எங்களுக்கு ஒரு சைடு லோயரும், உள்ளே ஒரு லோயரும், இரண்டு அப்பரும் வந்தன. மகள் அப்பர் பெர்த்தைக் கூடாரம் மாதிரி ஆக்கிக்கொண்டாள். மேலே விளக்கு எரிகிறதா என்று ஏறியவுடனே போட்டுப் பாருங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் தனி விளக்கை எதிர்பார்க்க வேண்டாம். புத்தகத்தில் மாட்டுகிற சின்ன கிளிப் விளக்கு ஒன்று 249 ரூபாய்க்கு வாங்கினேன், அது நன்றாக உழைத்தது.

டிக்கெட்டை அச்செடுத்து வையுங்கள். பெரியவர்களில் ஒருவருடைய அசல் அடையாள அட்டையும், பிள்ளைகளின் வயதுக்கு ஆதார் நகலும் கைப்பையில் இருக்கட்டும். டிடிஆரிடம் காட்ட வேண்டிய டிக்கெட்டும் பிள்ளை பார்க்கிற படமும் ஒரே போனில் இருந்தால், அந்தப் போன் எப்போது அணையும் என்ற பயம் வழியெல்லாம் இருக்கும்.

2. புத்தகங்களை மூன்று வாரம் முன்பே சேருங்கள்

டெல்லியில் தமிழ்க் குழந்தைப் புத்தகம் தேடுவதுதான் இதில் கஷ்டமான வேலை. நான் அலைந்து கண்ட வழிகள் இவை.

நேஷனல் புக் டிரஸ்டின் தலைமை அலுவலகம் வசந்த் குஞ்சில் நேரு பவன். அங்கேயே புத்தகக் கடை உண்டு. அவர்கள் பல மொழிகளில் போடும் மெல்லிய படப் புத்தகங்களில் தமிழும் இருக்கிறது, விலை மிகவும் குறைவு. அலுவலக நேரத்தில் போங்கள், போகுமுன் போன் செய்து தமிழ் இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து புத்தகம் எனக்கு 310 ரூபாய் ஆனது.

சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிற புத்தகங்கள் போடுகிறது. தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இவை நல்ல ஊன்றுகோல். தபாலில் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். இலவசம். ஒன்று முதல் நான்கு வரை படிநிலை போட்டிருப்பார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் தயங்காமல் அச்செடுத்துக்கொள்ளலாம். முனிர்காவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பக்கம் 3 ரூபாய் வீதம் 48 பக்கம் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், 144 ரூபாய். ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தோம். கறுப்பு வெள்ளையாக இருந்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, மகன் முதலில் அத்தனை படங்களுக்கும் வண்ணம் தீட்டினான், அப்புறம்தான் கதை கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை இப்போது மகிளா ஹாட்டில் நடக்கிறது, 2019 முதல். ஆங்கிலம், இந்திப் படப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். தமிழுக்காக அங்கே அலைய வேண்டாம்.

வண்ணப் பென்சில், வரையும் நோட்டு 120 ரூபாய். கிளிப் விளக்கையும் சேர்த்து மொத்தச் செலவு 823 ரூபாய்.

3. நூலகப் புத்தகமா? திருப்பித் தரும் தேதியை முதலில் பாருங்கள்

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நாளிலேயே எட்டிப் பார்த்துவிடலாம். உறுப்பினராகச் சேர எந்த நூலகத்திலும் பொதுவாகக் கேட்பது முகவரிச் சான்று, புகைப்படம், சந்தா, திருப்பித் தரக்கூடிய முன்பணம். முதல் நாளே எல்லாம் கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம்.

ஆனால் ஒன்று. நூலகங்கள் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் தருகின்றன. நாம் ஊருக்குப் போனால் ஒரு மாதம், நாற்பது நாள். நான் ஒரு நூலகத்தில் நான்கு புத்தகம் எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து தாமதக் கட்டணம் கட்டினேன். அதைவிட மோசம், ஒரு புத்தகத்தை மன்னார்குடியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். நூலகப் புத்தகத்தைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பயணத்துக்கு முந்தைய வாரங்களில், படிக்கிற பழக்கம் பிடிக்கட்டும் என்பதற்காக எடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கொடுத்துவிடுங்கள்.

4. வயதைப் பார்த்து வாங்காதீர்கள்

இதில்தான் பலர் தவறுகிறோம். எட்டு வயதுப் பிள்ளை என்று அட்டையில் எட்டு வயதுக்கென்று போட்ட தமிழ்ப் புத்தகத்தை வாங்குவோம். டெல்லியில் வளர்கிற பிள்ளைக்கு இந்தி ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. என் மகள் இந்தியில் நாளிதழ்த் தலைப்புப் படிப்பாள், தமிழில் எழுத்துக் கூட்டுவாள். அவளுக்கு இருந்த சிக்கல் எனக்கு ரயிலில்தான் புரிந்தது. ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் பகரத்துக்கும் இரண்டாவது பகரத்துக்கும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. இந்தியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து பார்த்துப் பழகிய பிள்ளை அங்கே நின்றுவிடுகிறது. “அம்மா, இது எந்தப் பூ?” என்று விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் ஒலி மென்மையாகும் என்று சொன்னேன். அதற்கப்புறம் ‘தங்கம்’, ‘பந்து’, ‘வண்டு’ என்று அவளே தேடித் தேடிப் படித்தாள். கைக்கடக்கமான புத்தகத்தில் இது நடந்தது. திரையில் அடுத்த பக்கம் தானாக வந்து நின்றிருக்கும்.

அதனால் தமிழில் ஒரு படி கீழே இருக்கிற புத்தகம் வாங்குங்கள். பிள்ளை சரளமாகப் படிக்கிற மொழியில் ஒன்றிரண்டு பெரிய கதைகளும் இருக்கட்டும். அதைத் தடுக்க வேண்டாம்.

எத்தனை? ஆளுக்கு ஐந்து போதும். அதில் இரண்டு, ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன பழையவை. மீதி மூன்றைக் கிளம்பும்வரை கண்ணில் காட்டாதீர்கள். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்லீப்பரிலும் ஏசி த்ரீ டயரிலும் பெரியவருக்கு 40 கிலோ வரை இலவசம். ஆனால் புத்தகங்கள் சூட்கேஸுக்குள் போகவே கூடாது. துணிப் பை ஒன்றில், பிள்ளையின் தோளில், தலைமாட்டில் இருக்க வேண்டும். நீங்கள் படிக்கவும் ஒன்று எடுத்து வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவும் அம்மாவும் போனைத் தேய்த்துக்கொண்டு பிள்ளையைப் படி என்றால் அது நடக்காது. என் கணவர் ஒரு சிறுகதைத் தொகுப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மகள் தன் பையைத் திறந்தாள்.

5. போனையும் தயார் செய்யுங்கள்

திரையை முழுக்கத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. அவ்வளவு நீளப் பயணத்தில் எங்களுக்கும் அது வேண்டியிருந்தது. அளவும் நேரமும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்ன அளவு: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு வீடியோவில் பேசுவதைத் தவிர, இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். எங்கள் வீட்டில் அதைப் பிரித்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி, விளக்கேற்றும் நேரத்தில் அரை மணி. ஒரு வாரம் முன்பே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். ரயிலில் ஏறியபின் சட்டம் போட்டால் சண்டைதான்.

கிளம்புமுன் செய்ய வேண்டியது: டவுன்லோடு செய்த படத்தை விமான மோடில் போட்டுத் திறக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள். சில படங்கள் ஒருமுறை பார்க்கத் தொடங்கினால் இரண்டு நாளில் காலாவதியாகிவிடும். பவர் பேங்கை முழுக்க ஏற்றி வையுங்கள். ரயில் சார்ஜ் பாயின்டை இரவு 11 முதல் காலை 5 வரை நிறுத்திவைக்கிற வழக்கம் உண்டு. எங்கள் டேப்லெட் முதல் தடவை ஏன் ஏறவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஹெட்போன் கட்டாயம்.

தமிழ்க் கதைகளை நம் குரலிலேயே போனில் பதிவு செய்துகொள்ளலாம். பாட்டி சொன்ன மூன்று கதைகளைப் போனிலேயே பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். இது ஏன் தேவை என்று ஏழாவது பகுதியில் வரும்.

6. ரயிலில் நேரம் போகிற விதம்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணியளவில் கிளம்புகிறது. முதல் இரவில் எதையும் திணிக்காதீர்கள். சாப்பாடு, ஒரு கதை, தூக்கம். பத்து மணிக்கு மேல் பெட்டியில் பெரிய விளக்கு எரியக் கூடாது, சத்தமும் கூடாது. கிளிப் விளக்கில் மெதுவாகப் படித்துக் காட்டலாம்.

மறுநாள் பகல்தான் முழுசாக நம் கையில் கிடைப்பது. காலையில் போபால், மதியத்தை ஒட்டி நாக்பூர், சாயங்காலம் வாரங்கல், இரவு விஜயவாடா. இட்டார்சியிலிருந்து நாக்பூர் வரை சாத்பூரா மலையும் குகைப் பாதையும் சிக்னல் இல்லாத நீளமும். மறைத்து வைத்த முதல் புத்தகத்தை அங்கே எடுங்கள். எடுத்ததும் படிக்கச் சொல்லாமல், நீங்களே முதல் நான்கு பக்கம் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். மீதியைப் பிள்ளை பிடுங்கிக்கொள்ளும். இருபது நிமிஷம் படித்தால் போதும், அப்புறம் ஜன்னல், கடலை, பக்கத்து பெர்த் மாமியோடு பேச்சு. இரண்டாவது புத்தகம் நாக்பூர் தாண்டி. தூங்கி எழுந்தபின் மூன்றாவது.

பக்கத்து பெர்த் பிள்ளை போனில் விளையாடினால் நம் பிள்ளை அங்கே நகர்ந்துவிடும். இதற்கு ஒரே வழி, அந்தப் பிள்ளைக்கும் ஒரு புத்தகம் கொடுப்பது. வண்ணம் தீட்டுகிற அச்சுக் கதைகளில் இரண்டு பிரதி அதிகம் எடுத்து வைத்திருந்தேன். குவாலியரில் ஏறிய ஒரு பையனும் என் மகனும் ஒரே யானைக்கு இரண்டு பக்கமும் நீலம் அடித்தார்கள்.

மூன்றாம் நாள் விடியலில் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். எங்கள் வண்டி அன்று அரை மணி தாமதம், அதனால் வெளிச்சம் வந்திருந்தது. ஆந்திரத்தைத் தாண்டியதும் மஞ்சள் பலகைகளில் பெரிதாகத் தமிழ் தெரிய ஆரம்பிக்கும். வண்டி கொஞ்சம் மெதுவானபோது மகள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, “கும்… மி… டிப்… பூண்… டி” என்றாள். ‘பூண்டி’யின் கடைசி எழுத்தை, நான் சொல்லாமலே, மென்மையாக உச்சரித்தாள்.

7. இறங்கிய பிறகு காரிலும் பேருந்திலும்

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் போனோம். ரயிலில் நன்றாகப் படித்தார்களே என்று காரிலும் புத்தகத்தைக் கொடுத்தேன், திண்டிவனத்துக்கு முன்பே மகன் வாந்தி எடுத்தான். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ அசைவை உணர்கிறது. இரண்டும் முரண்படும்போது குமட்டும். போனில் பார்த்தாலும் இதே கதைதான். ஆகவே சாலையில் புத்தகமும் வேண்டாம், திரையும் வேண்டாம். பாட்டி குரலில் பதிவு செய்த கதைகளை அங்கே போடுங்கள், பிள்ளை தூரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். வண்டியேறும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான், மெல்லிய புத்தகங்கள் மூன்று போதும்.

8. ஊரில் வாங்கிய புத்தகங்களைத் தபாலில் அனுப்புங்கள்

ஊரில் தமிழ்ப் புத்தகம் தாராளமாகக் கிடைக்கும், உறவினர்களும் வாங்கித் தருவார்கள். வரும்போது மாங்காய், அப்பளம், ஊறுகாயோடு இதையும் தூக்கிக்கொண்டு அல்லாட வேண்டாம். அஞ்சல் துறை 2025 மே மாதம் முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒரு சேவை வைத்திருக்கிறது. பாடப் புத்தகம், சமூக, பண்பாட்டு, சமய நூல்களை அனுப்பலாம். 300 கிராமுக்கு 20 ரூபாயில் ஆரம்பித்து 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. தரைவழியாக மட்டும் போகும், அதனால் அவசரமானதை அதில் போடாதீர்கள். புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். விளம்பரத் தாள், கடிதம், பொம்மை எதையும் உள்ளே சேர்க்காதீர்கள். உறையின் மேல் ‘ஞான் போஸ்ட்’ என்று எழுத வேண்டும். எங்கள் புத்தகங்கள் எல்லாம் 3 கிலோ சொச்சம் வந்தது.

கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே தபாலில் சேர்த்துவிடுங்கள், லீவு முடிகிற வாரத்தில் நமக்கு மூட்டை கட்டவே நேரம் போதாது. பொட்டலத்தை பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கு மேல் துணியோ தடித்த தாளோ போடுங்கள். ஜூன் கடைசியில் வழியில் எங்கேயாவது மழை இருக்கும். முகவரியைப் பின்கோடோடு இரண்டு இடத்தில் எழுதுங்கள். எங்கள் பொட்டலத்தில் மகள்தான் எழுதினாள். பெறுநர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டுக்கொண்டாள், தமிழிலும் இந்தியிலும்.